இளம் ரீஸ்லிங்கில் தோட்டத்தையும் ஆண்டையும் பிரித்தறிதல்: மூன்று பாட்டில்களில் ஒரு தொடக்கம்

ஜெர்மனியில் மோசல் ஆற்றின் வலக்கரையில், பெர்ன்காஸ்டல் ஊரிலிருந்து கிராஹ் வழியாக செல்டிங்கன் வரை, ஏறத்தாழ இடைவெளியே இல்லாமல் ஒரு மலைச்சரிவு நீண்டு கிடக்கிறது. அந்தச் சரிவை நிறைத்திருப்பவை பெரும்பாலும் ரீஸ்லிங் திராட்சைக் கொடிகள். ஒரே குடும்பத்தார் அங்கே அடுத்தடுத்த இரண்டு தோட்டங்களில் ஒரே வாரத்தில் பழம் பறித்து, ஒரே நிலவறையில் ஒரே முறையில் நொதிக்க வைத்தாலும், இரண்டு பாட்டில்களில் இரண்டு விதமான ஒயின்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றின் முந்தைய ஆண்டு ஒயினைத் திறந்தால் அது இன்னொரு விதமாக இருக்கும். இந்த வேறுபாடுகளில் எது இடத்தால் வந்தது, எது அந்த ஆண்டின் வெயிலாலும் மழையாலும் வந்தது என்பதைப் புதியவர் ஒருவர் தாமே சுவைத்துக் கண்டுகொள்ள இக்கட்டுரை வழி சொல்கிறது.

இளம் ஒயின் என்று நான் இங்கே குறிப்பிடுவது, அறுவடை முடிந்து சில ஆண்டுகளுக்குள் இருப்பதை. அந்த வயதில் ஆண்டின் முத்திரையே நாவில் முதலில் படும். தோட்டத்தின் தன்மை அதற்கு அடியில் மறைந்திருக்கும். ஆகவே ஆண்டை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்க வேண்டும், தோட்டத்தை அதன் பிறகே தேட வேண்டும். புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை லேபிளில் பார்த்துவிட்டு, அதன் குணங்களாகப் பிறர் எழுதிவைத்தவற்றைக் கோப்பைக்குள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆண்டின் வெயிலைத்தான் தோட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எவற்றை வாங்க வேண்டும்

முதல் படி, மூன்று பாட்டில்கள் வாங்குவது. மூன்றும் ஒரே தயாரிப்பாளருடையவையாகவும் காபினெட் என்ற ஒரே தரத்தில் உள்ளவையாகவும் இருக்க வேண்டும். முதலாவது 2022 ஆம் ஆண்டின் வேலனர் ஸொன்னனூர். இரண்டாவது அதே 2022 இன் கிராஹர் ஹிம்மல்ரைஷ். மூன்றாவது 2021 இன் வேலனர் ஸொன்னனூர். முதல் இரண்டையும் ஒப்பிட்டால் ஆண்டு மாறாமல் தோட்டம் மாறும். முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் தோட்டம் மாறாமல் ஆண்டு மாறும். யோ. யோஸ். ப்ரூம், டாக்டர் லோசன் போன்ற நிறுவனங்கள் இந்த இரண்டு தோட்டங்களிலிருந்தும் தனித்தனியே ஒயின் தயாரிக்கின்றன. இதே ஆண்டுகள் கிடைக்காவிட்டால், வெப்பமான ஆண்டு ஒன்றும் குளிர்ந்த ஆண்டு ஒன்றும் அமையும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

காபினெட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது மெலிதான ஒயின். இனிப்பு எஞ்சியிருக்கும் காபினெட்டில் ஆல்கஹால் பெரும்பாலும் 7.5 முதல் 9 சதவீதத்துக்குள் இருக்கும். புதிய ஓக் பீப்பாயின் வாசம் இருக்காது. மறைக்கும் பொருள் குறைவாக இருப்பதால் இடமும் பருவமும் எளிதில் வெளிப்படும். அதைவிடப் பழுத்த பழத்தில் செய்யும் அவுஸ்லேஸ என்ற தரத்தில் இனிப்பும், கொடியிலேயே பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பழத்தின் தேன் வாசமும் சேர்ந்துகொண்டு புதியவரைத் திசைதிருப்பிவிடும். விலை அதிகம் என்பது வேறு.

லேபிளில் பார்க்க வேண்டியவை

மோசல் லேபிளில் முதலில் ஊர்ப்பெயரும் அடுத்துத் தோட்டப் பெயரும் வரும். வேலன் ஊரின் ஸொன்னனூர் தோட்டமே வேலனர் ஸொன்னனூர். இதில் ஒரு பொறி இருக்கிறது. 1971 ஆம் ஆண்டின் ஒயின் சட்டம், பல ஊர்களின் தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுப் பெயர்களையும் உருவாக்கியது. அவையும் பார்வைக்குத் தனித் தோட்டப் பெயர்களைப் போலவே இருக்கும். பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரப்ஷன் என்பது உண்மையான தோட்டம். பீஸ்போர்ட்டர் மிஷல்ஸ்பெர்க் என்பது பல ஊர்ப் பழங்களுக்குப் பொதுவான கூட்டுப் பெயர். தோட்டத்தின் தன்மையைக் கற்றுக்கொள்ள இரண்டாவது வகை எந்த விதத்திலும் உதவாது.

ட்ரோக்கன் என்று இருந்தால் அது இனிப்பில்லாத ஒயின்; சட்டப்படி அதில் லிட்டருக்கு அதிக அளவாக 9 கிராம் சர்க்கரைதான் இருக்கலாம். அந்தச் சொல் இல்லாமல், ஆல்கஹாலும் 9 சதவீதத்துக்குள் இருந்தால், இனிப்பு கணிசமாக எஞ்சியிருக்கிறது என்று பொருள். ஒப்பிடும் பாட்டில்களுள் ஒன்று ட்ரோக்கனாகவும் மற்றது இனிப்பானதாகவும் இருந்தால் அந்த ஒப்பீட்டால் பயனில்லை. இனிப்பு, புளிப்பைக் குறைப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது; புளி இஞ்சியில் வெல்லம் கூடினாலும் புளியின் அளவு அப்படியே இருப்பதைப் போல.

தோட்டம் எதைத் தீர்மானிக்கிறது

மோசல் பள்ளத்தாக்கு வடக்கு அட்சரேகை 50 பாகைக்கு அருகில் இருக்கிறது. அவ்வளவு வடக்கே சூரியன் தாழ்வாகத்தான் செல்லும். சமதளத்தில் விழும் வெயில் சாய்ந்து பரவி வலுவிழந்துவிடும். தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவிலோ அதே வெயில் நேராக விழுகிறது. ஆகவே அங்கே தோட்டத்தின் மதிப்பு முதலில் வெப்பத்தின் கணக்குதான். எந்தத் திசை நோக்கிய சரிவு, எவ்வளவு செங்குத்து, ஆற்றிலிருந்து எவ்வளவு உயரம், குளிர்காற்று புகும் பக்கப் பள்ளத்தாக்கு அருகில் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், ஒயினைச் சுவைக்கும் முன்பே பாதி ஊகித்துவிடலாம்.

ஸொன்னனூர் தோட்டத்தின் நடுவே, பாறை முகட்டில் பெரிய சூரிய கடிகாரம் ஒன்று வெள்ளையாகத் தெரியும். 1842 இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் கட்டியது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வேலன் ஊரிலிருந்து பார்த்தாலே மணி தெரியும் என்பது ஒருபுறம் இருக்க, வெயில் நிறைந்த சரிவு அது என்பதற்கும் அதுவே சான்று. அங்கே கால் வைத்தால் மண் என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. உடைந்த சிலேட்டுப் பாறைத் துண்டுகள், ஓட்டுச் சில்லுகளைப் போல, காலுக்கடியில் சரசரவென்று வழுக்கும். சரிவு மிகவும் செங்குத்தாக இருப்பதால், மரபான முறையில் ஒவ்வொரு கொடியையும் தனித்தனிக் கம்பத்தில் கட்டி வளர்க்கிறார்கள். வேலை செய்பவர் சரிவின் குறுக்காக நகர அதுதான் வசதி. சிலேட்டு பகல் வெப்பத்தை வாங்கிவைத்து மாலையில் வெளிவிடுகிறது, மழைநீரை உடனே வடியவிடுகிறது. வேர் ஆழத்துக்கு இறங்கினால்தான் கொடிக்குத் தண்ணீர்.

பக்கத்துக் கிராஹ் தோட்டங்களில் சிலேட்டு இருந்தாலும் மண்ணின் ஆழமும் களித்தன்மையும் பொதுவாகக் கூடுதல். ஈரம் நிற்கும். இளம் வயதில் ஸொன்னனூரின் ஒயின் மென்மையாகவும், பீச் பழத்தின் வாசத்தோடும், எடையில்லாததைப் போலவும் இருக்க, கிராஹின் ஒயின் சற்று இறுக்கமாகவும், மூலிகைச் சாயலோடும், முதலில் பிடிகொடுக்காததாகவும் இருப்பது வழக்கம். இன்னும் கீழே, ஆறு ஓடும் திசையில் சென்றால், யூர்ட்சிக் ஊரின் வ்யூர்ட்ஸ்கார்டன் தோட்டத்தில் சிவந்த எரிமலைப் பாறையும் சிவப்பு மண்ணும் கலந்திருக்கின்றன. அதன் ஒயினில் மசாலாப் பொருள்களை நினைவூட்டும் காரசாரமான வாசம் இருப்பதாகப் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். அதை அடுத்த எர்டன் ஊரின் ப்ரேலாட் தோட்டம் பாறைச்சுவர்கள் சூழ ஆற்றை ஒட்டியே அமைந்த சிறிய இடம். மோசலில் மிக வெப்பமான இடங்களுள் ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிலேட்டுப் பாறையின் சுவையே வேர் வழியாக ஏறி ஒயினுக்குள் வந்துவிடுகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. பாறைக்குச் சுவை என்று ஒன்று இல்லை. வேர் உறிஞ்சும் தாதுக்களின் அளவும் நாவுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. சிலேட்டு செய்வதெல்லாம் வெப்பத்தையும் தண்ணீரையும் ஆள்வதுதான். ஈரக்கல் வாசம் என்று சொல்லப்படுவதற்கு நொதித்தலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களும் ஒயினின் கூர்மையான புளிப்பும் காரணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

ஆண்டு எதைத் தீர்மானிக்கிறது

ஒரு பருவத்தின் கதையை மாதவாரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அடுத்த படி. ஏப்ரலில் கொடி துளிர்க்கும். அப்போது விழும் உறைபனி துளிர்களைக் கருக்கிவிடும். 2024 ஏப்ரல் பனியில் மோசலின் துணையாறுகளான சார், ரூவர் ஆகியவற்றின் பள்ளத்தாக்குகள் கடுமையாக அடிபட்டன. ஜூனில் பூக்கும், பூக்கும் நாளிலிருந்து ஏறத்தாழ 100 நாள் கழித்து அறுவடை என்பது விவசாயிகளின் பழைய கணக்கு. அந்த நூறு நாளில் என்ன நடந்தது என்பதே அந்த ஆண்டின் கதை.

இதில் நாவுக்கு முதன்மையானது புளிப்பு. திராட்சையில் இரண்டு அமிலங்கள் முக்கியமானவை. ஒன்று டார்டாரிக் அமிலம்; அது வெயிலில் எளிதில் குறையாது. மற்றொன்று ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம். வெப்பம் கூடினால் பழம் அதைத் தன் சுவாசத்தில் எரித்துவிடும். ஆகவே வெப்பமான ஆண்டில் மாலிக் கரைந்து புளிப்பு வட்டமாக, இதமாக இருக்கும். குளிர்ந்த ஆண்டில் இரண்டும் சேர்ந்து நிற்கும். இரவுகள் குளிர்ந்தால் பகலில் வெயில் அடித்தாலும் புளிப்பு பெருமளவு காக்கப்படும். பழம் அக்டோபர் வரை கொடியில் தொங்கும் பகுதிகளுக்கு இதுவே பெரிய சொத்து.

2021 குளிர்ந்த, ஈரமான ஆண்டு. ஜூலை நடுவில் மேற்கு ஜெர்மனியின் ஆர் (Ahr) ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சூறையாடிய வெள்ளத்துக்குக் காரணமான மழை மோசலையும் நனைத்தது. ஈரத்தில் கொடிகளில் பரவும் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கச் செங்குத்தான சரிவுகளில் மீண்டும் மீண்டும் மருந்தடிக்க வேண்டியிருந்தது. பழம் தாமதமாகப் பழுத்து, அறுவடை அக்டோபரில் நீண்டது. அந்த ஆண்டின் காபினெட்டுகள் கத்தி முனையைப் போலக் கூர்மையானவை. என் கணிப்பில் அண்மைய ஆண்டுகளில் அந்தத் தரத்துக்கு மிகப் பொருத்தமான ஆண்டு அதுதான். 2022 நேர் எதிர். கோடை முழுவதும் வறட்சி. இளம் கொடிகள் தண்ணீருக்கு ஏங்கின. செப்டம்பரில்தான் மழை வந்தது. 2018 உம் வெப்பமான ஆண்டுதான் என்றாலும் விளைச்சல் தாராளமாகவும் ஒயின்கள் மிருதுவாகவும் அமைந்தன. இரு எல்லைகளையும் அறிய விரும்புபவர் 2003 ஐயும் 2010 ஐயும் நினைவில் வைக்கலாம். முன்னது ஐரோப்பா முழுவதும் வெந்த கோடை, புளிப்பு மெலிந்துபோனது. பின்னதில் விளைச்சல் குறைவு, புளிப்போ சாதாரணமாக லிட்டருக்கு 7 முதல் 9 கிராம் வரை இருக்கும் நிலையில் பல ஒயின்களில் 10 கிராமைத் தாண்டியது.

வெயில் நேரடியாகப் பழத்தோலில் பட்டால் பெட்ரோல் வாசத்துக்கு மூலமான பொருள்கள் தோலில் கூடுகின்றன. முதிர்ந்த ரீஸ்லிங்கில் மெல்ல வெளிப்பட வேண்டிய அந்த வாசம், கடும் வெயில் ஆண்டுகளில் இரண்டு வயது ஒயினிலேயே தலைகாட்டக்கூடும். அது தோட்டத்தின் குணம் அன்று, வெயிலின் வேலை.

இரண்டும் மோதும் இடம்

உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நல்ல தோட்டம் எல்லா ஆண்டும் நல்ல தோட்டம் என்பது பழைய காலத்து எண்ணம். பழம் பழுப்பதே போராட்டமாக இருந்த நாள்களில் மிக வெப்பமான இடமே மிகச் சிறந்த இடமாக இருந்தது. அந்த வரிசைப்படிதான் தோட்டங்களின் புகழும் விலையும் நிலைபெற்றன. இன்று வெப்பமான ஆண்டுகள் அடிக்கடி வருவதால் அந்த வரிசை தலைகீழாகும் தருணங்களும் வருகின்றன. 2022 போன்ற வறண்ட ஆண்டில், மெல்லிய சிலேட்டு மண்ணில் நின்ற இளம் கொடி வளர்ச்சியையே நிறுத்திக்கொள்ளும். வேர் ஆழமாகப் போன முதிய கொடி தப்பிக்கும். ஈரம் தாங்கும் கிராஹ் மண்ணும், காற்றோட்டமான சார் பள்ளத்தாக்கும், முன்பு பழமே பழுக்காது என்று ஒதுக்கப்பட்ட பக்கப் பள்ளத்தாக்குகளும் அப்போது கைகொடுக்கின்றன. 2021 போன்ற ஆண்டிலோ பழைய வரிசை திரும்பிவிடுகிறது. வெயிலைத் தேக்கிவைக்கும் ஸொன்னனூரும் ப்ரேலாட்டும் பழுத்த பழத்தைக் கொடுக்க, குளிர்ந்த மூலைகளில் பச்சைப் புளிப்பு எஞ்சுகிறது.

ஒரே தோட்டத்துக்குள்ளும் இது நடக்கும். சரிவின் அடிவாரத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் பனி அபாயம் அதிகம், காட்டை ஒட்டிய உச்சியில் காற்றும் குளிரும் அதிகம், நடுச்சரிவே மிதமானது. தயாரிப்பாளர் அந்த ஆண்டு காபினெட்டுக்கான பழத்தை எந்தப் பகுதியிலிருந்து பறித்தார் என்பது லேபிளில் இருக்காது. வெப்பமான ஆண்டுகளில் அவர் உச்சிப் பகுதிக்கோ முன்கூட்டிய அறுவடைக்கோ போயிருக்கலாம். அதாவது, ஆண்டின் மிகையைத் தோட்டத்தின் ஒரு மூலையைக் கொண்டு அவர் சமன்செய்கிறார்.

கோப்பையில் தேடும் முறை

பாட்டில்களை 8 முதல் 10 பாகை செல்சியஸ் வரை குளிரவைத்து, நடுத்தர அளவுள்ள, வாய் சற்றுக் குறுகிய கோப்பைகளில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்ற வேண்டும். யாராவது ஒருவர் பாட்டில்களைத் துணியால் மூடித் தந்தால் நல்லது. முதல் முகர்தலில் தீக்குச்சி உரசிய வாசமோ ஈஸ்ட்டின் நெடியோ வந்தால் பயப்பட வேண்டாம். தோட்டத்திலும் நிலவறையிலும் உள்ள இயற்கை ஈஸ்ட்டால் நொதித்த இளம் மோசலில் அது சாதாரணம். ப்ரூம் நிறுவனத்தின் ஒயின்கள் இதற்குப் பெயர்போனவை. கோப்பையைச் சுழற்றியோ சில மணி நேரம் முன்பே திறந்துவைத்தோ அதைப் போக்கிக்கொள்ளலாம். நாவில் மெல்லக் குறுகுறுக்கும் வாயுவும் இளமையின் அடையாளம்தான். இவை இரண்டும் தயாரிப்பாளரின் கைவேலையிலிருந்து வருபவை, இடத்திலிருந்தோ பருவத்திலிருந்தோ வருபவை அல்ல.

பழங்களின் பெயரைத் தேடுவதைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, முதலில் புளிப்பின் வடிவத்தை மட்டும் கவனிக்க வேண்டும். வாயில் வைத்ததும் நாவின் ஓரங்களிலும் ஈறுகளிலும் கடித்தது போல் எச்சில் ஊறுகிறதா, பச்சை ஆப்பிளின் சாயல் இருக்கிறதா? அது குளிர்ந்த ஆண்டு. புளிப்பு பின்னுக்கு நகர்ந்து, விழுங்கிய பிறகு எலுமிச்சைத் தோல் போல நீண்டு நிற்கிறதா? அது வெப்பமான ஆண்டாக இருக்கலாம், அல்லது பழம் நன்கு பழுத்த நல்ல இடமாக இருக்கலாம். இதற்கு அடுத்ததாகப் பழவாசத்தைப் பார்க்கலாம். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பச்சை மாங்காய் என்று போனால் குளிர். பீச், ஆப்ரிகாட் என்று வந்தால் பழம் நிதானமாகப் பழுத்திருக்கிறது. அன்னாசியும் பழுத்த மாம்பழமும் என்றால் கடும் வெயில். தேன் வாசம் அழுத்தமாக இருந்தால் இலையுதிர்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த பழம் கலந்திருக்கிறது.

இவ்வளவையும் குறித்துக்கொண்டபின், ஒரே ஆண்டைச் சேர்ந்த இரண்டு 2022 கோப்பைகளை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது புளிப்பும் பழம் பழுத்த அளவும் ஏறத்தாழ ஒன்றே. எஞ்சுவது எடையும் தொடுவுணர்வும்தான். எது வாயில் அகலமாகப் பரவுகிறது, எது நேர்க்கோடாகச் செல்கிறது, எது விழுங்கியபின் சட்டென்று முடிகிறது, எது நிற்கிறது? தோட்டத்தின் அடையாளம் இந்தக் கேள்விகளுக்கான விடைகளில் இருக்கிறது. முதல் நாளில் விடை தெளிவாகக் கிடைக்காமல் போவது இயல்பு. மூடியைத் திருப்பி மூடி மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை இன்னும் சற்றுக் கூடுதலான வெப்பத்தில், 12 பாகை அளவில், மீண்டும் சுவைக்க வேண்டும். வாயுவும் ஈஸ்ட் நெடியும் அடங்கிவிட்ட அந்த இரண்டாம் நாளில்தான் கிராஹும் வேலனும் தெளிவாகப் பிரியும். இனிப்பும் புளிப்பும் மிகுந்த காபினெட் அப்படித் திறந்த நிலையில் சில நாள்களை எளிதாகத் தாங்கும். அவசரமாக முடிக்க வேண்டியதில்லை.

நம் வீட்டுக் கார உணவோடு இதைக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்கஹால் குறைவாகவும் இனிப்பு மிச்சமாகவும் இருப்பதால் காபினெட் மிளகாய்க் காரத்தைத் தூண்டாது. ஆனால் சுவைத்துப் பிரித்தறியும் வேலையைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மூடிய பாட்டில்களில் எது எது என்று இரண்டு மூன்று தடவை சரியாகச் சொல்ல முடிந்துவிட்டால், அடுத்து வாங்க வேண்டியது 2022 இன் சார் பள்ளத்தாக்குக் காபினெட். ஷார்ட்ஸ்ஹோஃப்பெர்க் தோட்டத்தின் பாட்டில் கிடைத்தால் அதுவே, விலை தாங்காவிட்டால் சார் பகுதியின் வேறொரு தோட்டம். வெப்பமான ஆண்டின் பழத்தில் குளிர்ந்த இடத்தின் புளிப்பு எப்படி இருக்கும் என்பதை அது காட்டும். அதை 2021 இன் ஸொன்னனூருக்குப் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள்: கூர்மையில் இரண்டும் நெருங்கி வரும், ஆனால் பழவாசத்தில் சார் ஒயின் பழுத்திருக்கும், புளிப்பில் பச்சை ஆப்பிளின் கடி குறைவாக இருக்கும்.